அலை சொன்னது பாதி

பிரான்சின் தென்கரையில் மார்சேய் நகரத்தில் ஃபிரெனெல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே நுண்ணலையை விழுங்கிவிடும் கூம்புகள் பதித்த அறை ஒன்று உண்டு. எதிரொலி என்பதே எழாத அறை. அதன் நடுவில் 8 செ.மீ. விட்டமுள்ள நுரைப் பிளாஸ்டிக் உருளை ஒன்றையும், அதை ஒட்டினாற்போல் 3.1 செ.மீ. விட்டமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தண்டு ஒன்றையும் நிறுத்தினார்கள். 1.67 மீட்டர் தள்ளி நின்று ஓர் ஆன்டெனா நுண்ணலையை வீசியது. இன்னோர் ஆன்டெனா வட்டப்பாதையில் டிகிரி டிகிரியாக நகர்ந்து 241 இடங்களில் அதை அளந்தது. வீசும் திசையை மாற்றி மாற்றி 8 திசைகளிலிருந்து வீசினார்கள். அதிர்வெண்ணை 2 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். மொத்தம் 17,352 அளவுகள் சேர்ந்தன. 2005-இல் ‘இன்வர்ஸ் ப்ராப்ளம்ஸ்’ என்ற ஆய்விதழின் வழியாக அவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் என்ன இருந்தது என்று வரைந்து காட்ட வேண்டும். உள்ளே இருந்தது இன்னதுதான் என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்கள். விடை தெரிந்த பிறகும் இந்தக் கணக்கு இன்றுவரை ஆய்வாளர்களுக்கு வேலை வைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளுக்கு இத்தனை பாடா? சி.டி. ஸ்கேன் மனிதத் தலையையே சில நொடிகளில் படமாக்கிவிடுகிறதே என்று கேட்கத் தோன்றும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அதன் பின்னே இருந்த கணிதத்தை ஆஸ்திரியக் கணிதர் ராடன் 1917-லேயே எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்தக் கணிதம் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கதிர் நேர்க்கோட்டில் போக வேண்டும். எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுவின் அளவை ஒத்தது. எலும்பும் சதையும் அதற்குப் பிரம்மாண்டமான பொருள்கள். கொஞ்சம் வலுவிழந்து, ஏறக்குறைய நேராகவே வெளியே வந்துவிடும். ஒவ்வொரு கதிரும் தான் வந்த கோட்டின் கணக்கை மட்டும் சொல்லும்.

நுண்ணலை அப்படியில்லை. 2 கிகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் 15 செ.மீ. 10 கிகாஹெர்ட்ஸில் 3 செ.மீ. பொருளும் அலையும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் அலை பொருளைச் சுற்றி வளைகிறது, உள்ளே புகுந்து வேகம் குறைகிறது, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிறது, பக்கத்துத் தண்டிலிருந்து சிதறி வந்த அலையோடு கலக்கிறது. வெளியே ஓரிடத்தில் ஆன்டெனா பிடிக்கும் சமிக்ஞையில் பொருளின் எல்லாப் பகுதிகளுக்கும் பங்கு உண்டு. இது எந்தக் கோட்டின் கணக்கு என்று பிரித்துக் கேட்க வழியே கிடையாது.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் அலையை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? அது பார்க்கும் விஷயம் வேறு. நுண்ணலையைத் தடுமாற வைப்பது பொருளின் விடுதிறன், அதாவது மின்புலத்துக்கு அந்தப் பொருள் எவ்வளவு இணங்கிக் கொடுக்கிறது என்பதன் அளவு. காற்றுக்கு அது 1. மார்சேயின் நுரைக்கு 1.45, தண்டுக்கு 3. கொழுப்புக்கு 5 வாக்கில், தசைக்கு 50 வாக்கில், தண்ணீருக்கு ஏறத்தாழ 80. நீர் எங்கே சேர்ந்திருக்கிறதோ அங்கே எண் எகிறுகிறது. ஆகவே நுண்ணலைப் படம் என்பது ஏறக்குறைய உடலின் நீர்ச்சத்து வரைபடம். எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் சக்தி அதற்குக் கிடையாது. கருவியின் விலையும் காந்த ஒத்ததிர்வுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில் வராது. இந்த ஆசைதான் ஆய்வாளர்களை 1970-களிலிருந்து விடாமல் பிடித்திழுக்கிறது.

இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பொருள் இன்னது என்று தெரியும், அதிலிருந்து அலை எப்படிச் சிதறும் என்று கண்டுபிடிப்பது நேர்க்கணக்கு. மின்காந்த அலைகளை ஆளும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினியில் ஏற்றினால் விடை வந்துவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரே விடைதான். சிதறிய அலை இன்னது என்று தெரியும், பொருளைக் கண்டுபிடி என்பது தலைகீழ்க் கணக்கு. சந்தையில் தேங்காய் விற்பவர் காயைத் தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்லும்போது இதைத்தான் செய்கிறார். ஓடு, பருப்பு, நீர் எல்லாம் சேர்ந்து எழுப்பிய ஒரே ஒரு ஒலியிலிருந்து உள்ளே இருப்பதைப் பிரித்துச் சொல்கிறார். அவரிடம் மேக்ஸ்வெல்லோ ராடனோ இல்லை, ஆயிரக்கணக்கான தேங்காய்களைத் தட்டிய பழக்கம் இருக்கிறது. காதில் விழுந்த ஒலி பாதி விடையைத்தான் தருகிறது. மீதி, அவர் ஏற்கெனவே அறிந்தது. நுண்ணலைப் படத்தைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதுதான்: அதில் அளந்தது பாதி, முன்கூட்டியே நம்பியது பாதி. எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று தெரியாமல் படத்தைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அலை பட்டதும் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி ஆன்டெனாவாகித் தானும் அலையை வெளிவிடுகிறது. அது எவ்வளவு வெளிவிடும் என்பது இரண்டு எண்களின் பெருக்குத்தொகை: அந்தப் புள்ளியின் விடுதிறன் சூழலிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்பது ஒன்று, அந்தப் புள்ளியில் அப்போது அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது நாம் தேடுவது. இரண்டாவதும் நமக்குத் தெரியாது. ஏனென்றால் அங்கே வந்து சேரும் அலை, மற்ற எல்லாப் புள்ளிகளிலிருந்தும் சிதறி வந்ததையும் உள்ளடக்கியது. அந்தச் சிதறலோ நாம் இன்னும் கண்டுபிடிக்காத பொருளைப் பொறுத்தது. வெளியே 12 என்று அளக்கிறோம். அது 3 பெருக்கல் 4 ஆகவும் இருக்கலாம், 2 பெருக்கல் 6 ஆகவும் இருக்கலாம்.

இந்த முடிச்சை வெட்டும் முதல் வழி குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்தது. 1926-இல் மாக்ஸ் போர்ன், துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணக்கிடும்போது ஒரு துணிச்சலான எளிமையாக்கத்தைச் செய்தார். சிதறல் பலவீனமானது என்றால், உள்ளே இருக்கும் அலை பொருளே இல்லாதபோது இருந்திருக்கும் அலைதான் என்று வைத்துக்கொள்வோம் என்றார். இரண்டாவது எண் தெரிந்ததாகிவிடுகிறது. கணக்கு ஒரே அடியில் நேராகிவிடுகிறது. 1969-இல் எமில் வுல்ஃப் இதை வைத்து, அளந்த சிதறலிலிருந்து நேரே படத்துக்கு வரும் வழியைக் காட்டினார். நுரை உருளை மட்டும் தனியாக நின்றால் இந்த வழி ஓரளவு தாக்குப்பிடிக்கும். தசையும் கொழுப்பும் கலந்த உடலுக்கு இது சுத்தமாகப் போதாது. அலை உடலுக்குள் போனால் உடலே இல்லாதது போல நடந்துகொள்ளும் என்று நம்புவதற்கு நிறைய பெருந்தன்மை வேண்டும்.

பிறகு வந்தவர்கள் போர்னைக் கைவிடவில்லை, திரும்பத் திரும்ப அழைத்தார்கள். 1989-இல் வாங், சியூ இருவரும் முன்வைத்த வழி இது. முதலில் போர்ன் முறையில் ஒரு மோசமான படம் வரை. அந்தப் படம் உண்மை என்று வைத்துக்கொண்டு நேர்க்கணக்கைப் போட்டு, உள்ளே அலை எப்படி இருக்கும் என்று கண்டுபிடி. அந்த அலையை வைத்துப் படத்தைத் திருத்து. திரும்பவும் நேர்க்கணக்கு, திரும்பவும் திருத்தம். ஒவ்வொரு சுற்றிலும் நேர்க்கணக்கை முழுதாகப் போட வேண்டியிருப்பதுதான் இதில் செலவு. 1997-இல் டெல்ஃப்ட் நகரத்து வான் டென் பெர்க்கும் அமெரிக்காவின் கிளைன்மனும் அந்தச் செலவைக் குறைத்தார்கள். விடுதிறன் வேறுபாட்டையும், அதை உள்ளலையோடு பெருக்கி வரும் தொகையையும் இரண்டு தனித்தனித் தெரியாதவைகளாக வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறிமாறிக் கொஞ்சங்கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டு போவது அவர்கள் வழி. நடுவில் எந்தக் கட்டத்திலும் நேர்க்கணக்கை முழுதாகத் தீர்ப்பதில்லை. முடியும் இடத்தில்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த யோசனை இதுதான்.

திருத்திக்கொண்டே போவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதிக அதிர்வெண்ணில் அலை பொருளுக்குள் பல சுற்று முன்னும் பின்னுமாக ஆடிவிடும். ஒரு முழுச் சுற்று பிசகினாலும் வெளியே அளந்தது பொருந்துவது போலவே தெரியும். கணக்கு தவறான குழியில் விழுந்து, அங்கேயே திருப்தியாக உட்கார்ந்துவிடும். அதனால்தான் மார்சேய் அளவுகளைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் 2 கிகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறார்கள். 15 செ.மீ. அலை கலங்கலான ஒரு திட்டைத்தான் காட்டும். அந்தத் திட்டைத் தொடக்கமாக வைத்து 3, பிறகு 4 என்று ஏறுகிறார்கள். மேலே போகப்போகத் திட்டு இரண்டாகப் பிரியும், தண்டின் ஓரம் கூர்மையாகும்.

இதுவரை சொன்னது நீளமான கணக்கு என்ற அளவிலான கஷ்டம். வேகமான கணினி இருந்தால் சமாளிக்கலாம். அடுத்தது எந்தக் கணினியும் தீர்க்க முடியாதது.

1902-இல் பிரெஞ்சுக் கணிதர் அதமார், ஒரு கணக்கு ஒழுங்கானது என்று சொல்ல மூன்று தகுதிகளைக் கேட்டார். விடை இருக்க வேண்டும். ஒரே விடையாக இருக்க வேண்டும். தரவு இம்மி மாறினால் விடையும் இம்மிதான் மாற வேண்டும். இயற்கையிலிருந்து வரும் கணக்குகள் எல்லாம் ஒழுங்கானவையாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். தலைகீழ்ச் சிதறல் மூன்றாவது தகுதியில் தோற்கிறது. காரணம் எளிது. அரை அலைநீளத்தைவிடச் சிறிய நுணுக்கங்களின் செய்தி, பொருளை விட்டு வெளியே வந்த சில செ.மீ. தூரத்திலேயே மடமடவென்று தேய்ந்துவிடுகிறது. ஆன்டெனாவை எட்டும்போது அது கருவியின் இரைச்சலுக்குக் கீழே கிடக்கும். அதை மீட்க வேண்டுமென்றால் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு பெருக்க வேண்டும். இரைச்சலும் அதே மடங்கு பெருகும்.

சரி, ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன? நேப்பிள்ஸில் புச்சியும் இசெர்னியாவும் இதற்கு 1997-இல் வரம்பு கட்டினார்கள். பொருளை அடக்கும் வட்டத்தின் ஆரத்தையும் அலைநீளத்தையும் சொன்னால், சிதறிய அலையில் எத்தனை தனித்தனிச் செய்திகள் இருக்க முடியும் என்று சொல்லிவிடலாம். மார்சேயின் உருளையையும் தண்டையும் சேர்த்து அடக்கும் வட்டத்தின் ஆரம் 5.5 செ.மீ. சொச்சம். 2 கிகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால் பத்துப் பன்னிரண்டு செய்திகள்தான் தேறும். அந்த அதிர்வெண்ணில் எடுத்த அளவுகளோ 1,928. மிச்சமெல்லாம் சொன்னதையே திரும்பச் சொல்வது. 10 கிகாஹெர்ட்ஸில்கூட முந்நூறைத் தாண்டாது. படத்தை நீளவாக்கில் 64, அகலவாக்கில் 64 என்று கட்டம் போட்டால் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் 4,096. செய்தி முந்நூறு, கேள்வி நாலாயிரம்.

அப்படியானால் பத்திரிகைகளில் வரும் அந்த அழகான படங்கள் எப்படி வந்தன? மிச்சத்தை யாரோ இட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதை முறைப்படி செய்யக் கற்றுக்கொடுத்தவர் ரஷ்யாவின் திக்கொனோவ். நிலத்தடிக் கனிமங்களைத் தேடும் மின்னாய்வுக் கணக்குகளில் ஈடுபட்டிருந்த அவர், 1943-இல் இந்தக் கேள்வியைத் தொட்டார், 1963-இல் அதற்கு ஒரு பொதுமுறையை வகுத்தார். அளவுகளோடு பொருந்தும் விடைகள் எண்ணற்றவை இருக்கும்போது, அவற்றில் மிகவும் அடங்கி நடக்கும் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது அதன் சாரம். ‘அடங்கி நடப்பது’ எது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பொருள் வழவழப்பாக மாறும் என்று நம்பினால் ஒரு படம் வரும். திட்டுத்திட்டாக, திட்டுக்குள் சீராக இருக்கும் என்று நம்பினால் வேறு படம் வரும். மார்சேய் உருளைகளுக்கு இரண்டாவது நம்பிக்கை அற்புதமாகப் பொருந்தும். அவை உண்மையிலேயே சீரான பிளாஸ்டிக் திட்டுகள்தானே. மனித மார்பகம் அப்படியில்லை.

இங்கே ஒரு தில்லுமுல்லையும் சொல்லியாக வேண்டும். புது வழி கண்டுபிடித்தவர் அதைச் சோதிக்கக் கணினியிலேயே ஒரு பொருளை வரைந்து, நேர்க்கணக்கு போட்டு, ‘அளவுகளை’ உண்டாக்கிக்கொள்கிறார். பிறகு அதே நிரலின் அதே கட்டங்களை வைத்துத் தலைகீழ்க் கணக்கையும் போடுகிறார். போகும்போது செய்த பிழையும் திரும்பும்போது செய்த பிழையும் ஒன்றையொன்று துடைத்துவிடும். படம் பளிச்சென்று வரும். கோல்டன், கிரெஸ் என்ற இரண்டு கணிதர்கள் இதற்குத் தலைகீழ்க் குற்றம் என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகும் குற்றம் நின்றபாடில்லை. மார்சேய் அளவுகளுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பது இங்கேதான் புரிகிறது. அவற்றில் யாருடைய நிரலும் இல்லை. நிஜ ஆன்டெனாவும் நிஜ இரைச்சலும் இருக்கின்றன.

கடந்த சில ஆண்டுகளாக ஆழ்கற்றல் வலையமைப்புகள் இந்தக் களத்தில் இறங்கியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான பொருள்களையும் அவற்றின் சிதறல்களையும் காட்டிப் பழக்கினால், புதிய சிதறலுக்கு நொடியில் படம் வரைந்துவிடும். மணிக்கணக்கில் சுற்றிச்சுற்றி வந்த வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. தேங்காய் வியாபாரியின் பழக்கத்தைக் கணினிக்கு ஊட்டுவதுதான் இது, பலமும் அவருடையதுதான், பலவீனமும் அவருடையதுதான். தேங்காயைத் தவிர எதையும் தட்டிப் பார்க்காதவர் கையில் ஒரு பனங்காயைக் கொடுத்தால் அதையும் நல்ல தேங்காய் என்றே சொல்லக்கூடும். வழக்கமான முறைகள் தடுமாறும்போது படம் கலங்கிப்போய், இங்கே ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். வலையமைப்பு தடுமாறும்போதும் படம் கூர்மையாகவே இருக்கும். அதனால்தான் வரைந்த படத்தைத் திரும்ப நேர்க்கணக்கில் போட்டு, வரும் சிதறல் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் படம் தவறு. ஒத்துப்போனாலும் படம் சரி என்று ஆகிவிடாது. வெளியே எதையும் காட்டாமல் உள்ளேயே அடங்கிவிடும் மாறுதல்கள் இருக்க முடியும்.

எல்லா நுண்ணலைப் படங்களும் இத்தனை பிடிவாதம் பிடிப்பதில்லை. வெளிநாட்டு விமான நிலையங்களில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டில் 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலை வேலை செய்கிறது. அதன் நீளம் 1 செ.மீ. வாக்கில். துணியை அது கண்டுகொள்வதில்லை, தோலைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. ஒருமுறை பட்டுத் திரும்பிவிடுகிறது. சிதறல் மேல் சிதறல் என்ற குழப்பமே எழாததால் போர்னின் எளிமையே போதும்.

மார்பகப் புற்றுநோய்க்கு வந்தால் கதை வேறு. புற்றுக்கட்டியில் நீர் அதிகம், சுற்றியுள்ள கொழுப்பில் குறைவு. விடுதிறன் வேறுபாடு பல மடங்கு இருக்கும் என்பதுதான் 1990-களின் நம்பிக்கை. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பால் மீனியும் கீத் பால்சனும் 2000-இல் ஒரு மருத்துவ மாதிரிக் கருவியை வெளிக்கொண்டுவந்தார்கள். பெண் குப்புறப் படுத்துக்கொள்வார். படுக்கையின் துளை வழியே மார்பகம் கீழே ஒரு திரவத்தொட்டிக்குள் இறங்கும். சுற்றி வட்டமாக 16 ஆன்டெனாக்கள். ஒன்று வீச, மற்ற 15-ம் கேட்கும். பிறகு அடுத்ததன் முறை. ஆக 240 அளவுகள். திரவம் எதற்கு? காற்றிலிருந்து நேரே தோலில் மோதினால் அலையின் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடும். உடலுக்கு நெருக்கமான விடுதிறனுள்ள திரவத்தில் அந்த மோதல் தணியும். அலைநீளமும் சுருங்கும். 1979-லேயே லார்சன், ஜேக்கபி இருவரும் நாயின் சிறுநீரகம் ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தி 3.9 கிகாஹெர்ட்ஸில் படமெடுத்தது இந்தத் தந்திரத்தால்தான். காற்றில் 7.7 செ.மீ. நீளமுள்ள அலை, தண்ணீரில் 9 மி.மீ. ஆகிவிட்டது. டார்ட்மவுத் குழு முதலில் உப்புநீரைப் பயன்படுத்தியது, பிறகு கிளிசரினும் தண்ணீரும் கலந்த கரைசலுக்கு மாறியது. அந்தக் கரைசல் அலையை நன்றாகவே உறிஞ்சும். சமிக்ஞையைத் தின்னும் திரவத்தை யாராவது விரும்பி ஊற்றுவார்களா என்று தோன்றும். தொட்டிச் சுவரில் பட்டுச் சுற்றித் திரும்பும் வேண்டாத அலைகளும் அதிலேயே மடிந்துவிடுகின்றன என்பதுதான் லாபம்.

2007-இல் ஒரு பெரிய அளவீட்டின் முடிவு வந்தது. விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகத் திசுக்களை நேரடியாக அளந்து பார்த்திருந்தார்கள். கொழுப்புத் திசுவுக்கும் புற்றுக்கும் உள்ள வேறுபாடு பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குப் போவது உண்மைதான். ஆனால் சுரப்பித் திசுவுக்கும் புற்றுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை. கட்டிகள் பெரும்பாலும் உருவாவது சுரப்பித் திசுவில். மாமோகிராம் திணறுவதும் சுரப்பித் திசு அடர்ந்த மார்பகங்களில்தான். நுண்ணலை கைகொடுக்கும் என்று எதிர்பார்த்ததும் அங்கேதான். செய்தி சில நூறு மட்டுமே உள்ள கணக்கில் 10 சதவீத வேறுபாட்டைத் தேடுவது என்றால், தோலின் எதிரொலியும் மூச்சின் அசைவும் கட்டியை எளிதாக மூடிவிடும். இந்தத் துறை தன் வாக்குறுதிகளைச் சுருக்கிக்கொண்டது நல்லதுதான் என்பேன். கருவிகள் சோதனையில் இருக்கின்றன, மாமோகிராமின் இடத்தை அவை பிடித்துவிடவில்லை. ஒருமுறை எடுத்த படத்தில் புற்றைக் கண்டுபிடிப்பதைவிட, சிகிச்சை நடக்கும்போது வாராவாரம் படமெடுத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது இந்த அலைக்கு ஏற்ற வேலை. ஒரே மார்பகம், ஒரே கருவி, ஒரே நம்பிக்கைகள் என்பதால் பிழைகளில் பலவும் கழிபட்டுவிடும்.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி இறங்கிக் கேள்வியையே சிறிதாக்கியது. பக்கவாதம் வந்தவருக்கு மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், அல்லது ரத்தம் கசிந்திருக்கலாம். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கசிவுக்கு அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பிரித்தறிய சி.டி. ஸ்கேன் வேண்டும், ஸ்கேன் மருத்துவமனையில் இருக்கிறது, நோயாளி ஆம்புலன்ஸில் இருக்கிறார். 2014-இல் அவர்கள் விவரித்த தலைக்கவசத்தில் சுற்றிலும் ஆன்டெனாக்கள் உண்டு, படம் கிடையாது. நாலாயிரம் கட்டங்களை நிரப்பும் முயற்சியையே விட்டுவிட்டு, கசிவா அடைப்பா என்ற ஒரே கேள்வியைச் சிதறலிடம் கேட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு செய்திகள்கூடப் போதலாம். ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்ற தீர்மானம் கவசத்தோடு வருவதில்லை. ஒரு கசிவும் தப்பக் கூடாது என்று கோட்டை இறுக்கினால், அடைப்பு வந்தவர்களில் பலர் கசிவுப் பட்டியலில் சேர்ந்து, ஆம்புலன்ஸிலேயே கிடைத்திருக்க வேண்டிய மருந்துக்காக மருத்துவமனை வரை காத்திருக்க வேண்டிவரும்.